ஓடினால் விழாத துப்பாக்கி உறை

போன மாதம் செல்வி போன் செய்தாள். என் வேலையின் கடைசி வருஷங்களில் எனக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து தோல் தைத்தவள். இப்போது வேப்பம்பட்டில் வீடு வாங்கிக்கொண்டு, ஒரு கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் ஆபீஸ் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்புக்குப் போய், இரண்டு கட்சியாகப் பிரிந்து, பொம்மைத் துப்பாக்கியோடு ஒளிந்து பிடித்து விளையாடுகிறார்களாம்.

"அக்கா, இந்த வாட்டி இங்கிலீஷ் படத்துல வர்ற அந்தக் காலத்துக் குதிரைக்காரன் வேஷமாம். இடுப்புல கட்டுற தோல் உறை முப்பது வாங்கணும். நாலு போட்டோ அனுப்பிக்கீறேன். எது உழைக்கும்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். நாலும் மினுமினுவென்று கல்யாணப் பெண் மாதிரி இருந்தன. "போட்டோவுல தோலு தெரியாதுடி, பாலீஷ்தான் தெரியும்" என்றேன்.

"நீ பண்ணாத உறையா அக்கா?"

பண்ணியதுதான். உருப்படியாகப் பண்ணியதெல்லாம் போக, கெடுத்துப் பண்ணியதும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் எது உழைக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. போனில் சொன்னால் செல்வி நடுவில் பேசிக்கொண்டே இருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அறுபதுகளின் கடைசியில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்து கடல் வேலை நின்றது. வலை பின்னுகிற கை தோலும் தைக்கும் என்று யாரோ சொல்ல, நான் பொன்னேரியில் ரயிலேறி, மெட்ராஸ் பெரியமேட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ராணுவத்துக்கு பெல்ட்டும் துப்பாக்கி உறையும் தைத்துக் கொடுக்கும் பட்டறை அது. ஆறு மாதம் நூலுக்கு மெழுகு தேய்த்தேன். ஆறு மாதம் தோலில் துளை போட்டேன். பிறகு இரட்டை ஊசித் தையல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று இழுக்க வேண்டும். நடுவில் நூல் அறுந்தாலும் மீதித் தையல் அவிழாது. என் படிப்பு அவ்வளவுதான். விரலில் ஏறிய ஊசிகளை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் முதலாளி கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஓரமாக ஒரு கொட்டகை போட்டார். பதினெட்டுப் பேர் வேலை செய்தோம். அதில் பதினொரு பேர் எங்கள் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்த பெண்கள். எனக்கு மாதிரி செய்கிற வேலை. எந்தச் சரக்குக்கும் முதல் உருப்படியை நான் செய்வேன், அதைப் பார்த்து மற்றவர்கள் செய்வார்கள். ராணுவத்து வேலையை நம்பித் திறந்த கொட்டகை அது. இரண்டாம் வருடமே அந்த வேலை நின்று போனது.

ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை, முதலாளி வந்து எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்குற ஏஜெண்ட் ஒருத்தர் வரார். அந்த வேல கெடச்சா கொட்டா ஓடும். கெடைக்கலன்னா மாசக் கடைசில மிஷினைத் தூக்கிக்கினு பெரியமேட்டுக்கே போயிடறேன். அங்க நாலு பேருக்குத்தான் எடம் கீது." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது மனசு ஆறியிருப்போம்.

மாதிரி செய்கிறவள் நான். பதினெட்டுப் பேர் சோறும் என் கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எங்களுக்கு மேலே, சரக்கைப் பார்த்து ஒப்புக்கொள்ளவோ தள்ளவோ அதிகாரம் உள்ளவர் சம்பத் சார். திருவள்ளூர்க்காரர். அண்ணன் தம்பிகள் கோயில் கைங்கரியம் செய்ய, இவர் மட்டும் தோல் பரிசோதனை படித்துவிட்டு வந்தார். திருவள்ளூரிலிருந்து, பொன்னேரிப் பக்கத்து ஆரணி வழியாக இரண்டு பஸ் மாறி, நெற்றியில் திருமண் கலையாமல் எட்டரைக்கு வந்து நிற்பார். தோலைத் தொடுகிறாரே என்று யாராவது வாய் விட்டால், "மிருதங்கத்துக்கு என்ன கட்டிருக்கா, வாழை இலையா?" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. உருப்படியைக் கையில் வாங்குவார். மடக்குவார், காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம் மடக்குவார், முகர்ந்து பார்ப்பார். குறை கண்ணில் பட்டால் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, குறையைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். போட்டுவிட்டு, "இது எனக்குப் புரியலையே" என்பார். அவ்வளவுதான், அந்த உருப்படி செத்தது. வட்டத்தை அவர் அழிக்க மாட்டார். செய்தவர்தான் குறையைச் சரி செய்துவிட்டுத் துடைக்க வேண்டும். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொள்வார். அந்த மௌனத்துக்காக நாங்கள் உழைத்தோம்.

ஏஜெண்ட் அன்று பிற்பகலே வந்தார். மேசையில் ஒரு துப்பாக்கியை வைத்தார். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொட்டு வெடி வைத்துச் சுடுவது மாதிரிதான், குழல் மட்டும் நீளம், கனம் அம்மிக் குழவி. சரக்கு போகும் நாட்டில் பெரிய ஆண்களே ஞாயிற்றுக்கிழமையானால் நூறு வருடத்துக்கு முந்தைய உடுப்பை மாட்டிக்கொண்டு, காட்டிலும் மேட்டிலும் ஓடிப் பிடித்துச் சுட்டு விளையாடுவார்களாம். அதற்கு உறை வேண்டும். பார்க்க அந்தக் காலத்து உறையாகவே இருக்க வேண்டும். மழை, சேறு தாங்க வேண்டும். ஓடினால் துப்பாக்கி விழக் கூடாது, இழுத்தால் சட்டென்று வர வேண்டும்.

தோல் வெட்டுகிற முனிரத்தினம் ஆரம்பாக்கத்துக்காரர், எதையும் கேட்காமல் விட மாட்டார். "தெருக்கூத்தா சார்?" என்றார்.

"கூத்துன்னா பாக்க ஆள் வேணுமே. அங்க எல்லாரும் வேஷக்காரங்கதான்" என்றார் ஏஜெண்ட்.

"நல்ல பொழப்பு" என்றார் முனிரத்தினம்.

மெட்ராஸில் இன்னொரு பட்டறையும் மாதிரி செய்கிறது, துப்பாக்கி ஒன்றுதான் இருக்கிறது, நாளைக்குக் காலையில் அவர்களுக்குப் போக வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னார். அடுத்த வாரம் புதன்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார். வெள்ளிக்கிழமை இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு.

முதலில் தோலைத் தேர்ந்தெடுத்தோம். கொட்டகையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று குரோம் தோல். ரசாயனத்தில் பதனிட்டது, வழுவழுவென்று கன்னம் மாதிரி இருக்கும். இன்னொன்று ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது. விறைப்பு, பழுப்பு, பார்வைக்கு ஏழை. செருப்புக்கும் கைப்பைக்கும் குரோம் தேவலை. ஆனால் நனைத்து, ஒரு வடிவத்தின் மேல் இழுத்து அழுத்திக் காய வைத்தால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது பட்டைத் தோல்தான். சம்பத் சார் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பட்டைத் தோலில் சொட்டு உள்ளே இறங்கிக் கறுத்தது. அந்தத் தோலை என் பக்கம் தள்ளினார். செல்வி, உன் கடைக்காரரிடம் தண்ணீர்ச் சொட்டு விடக் கேள். முகத்தைச் சுளித்தால் இறங்கி வந்துவிடு.

அடுத்தது வடிவம். துப்பாக்கி மறுநாள் போய்விடும், அதனால் அதே அளவில் ஒரு மரக்கட்டை செதுக்கி, அதன் மேல் ஈரத்தோலை இழுக்க வேண்டும். சம்பத் சார் புளியமரத்து வைரக்கட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு வேறு யோசனை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நைனாவின் கட்டுமரம் உடைந்த துண்டு ஒன்று வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தது. இலேசான மரம், செதுக்க வெண்ணெய் மாதிரி வரும். அன்று சாயங்காலமே கொண்டுபோய், படகு வேலை செய்கிற எங்கள் பெரியப்பாவிடம் அளவு கொடுத்தேன். விடிந்ததும் கட்டை தயார். துப்பாக்கி புறப்படுவதற்கு முன்னால் பக்கத்தில் வைத்து அளந்தோம். ஒரு நூல் பிசகில்லை.

சம்பத் சார் கட்டையைக் கையில் எடை போட்டுப் பார்த்தார். "இந்த மரம் சரிதானாம்மா?"

"கடல்லயே கெடந்த மரம் சார். இதுக்கு ஈரம் ஒரு விசயமா?"

எனக்குத் தலைக்கனம் என்று சொல்ல முடியாது. நைனாவின் மரம் வெளிநாடு வரைக்கும் வேலைக்கு வருகிறதே என்று சந்தோஷம். சந்தோஷத்தில்தான் மூளை அதிகமாக மழுங்கும்.

அந்த வாரம் மூன்று மாதிரி செய்தேன். கட்டை ஒன்றே ஒன்று, அதனால் ஒன்று காய்ந்து கழற்றினதும் அடுத்த ஈரத்தோலை ஏற்றினேன். மழைக்காலம், தோல் காய ஒன்றரை நாள் எடுத்தது. வாய் ஓரத்தில் இரட்டைத் தோல், இடுப்பு வார் நுழையும் வளையம் தனியாகத் தைக்காமல் அதே தோலிலிருந்து மடித்தது, ஓரமெல்லாம் மெழுகு. மூன்றும் அழகாக இருந்தன. கொட்டகையில் எல்லோரும் ஆளுக்கொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள்.

புதன்கிழமை துப்பாக்கி வந்தது. கட்டிக்கொள்கிறவன் என்ன செய்வானோ அதைச் செய்துதான் பார்க்க வேண்டும் என்பது சம்பத் சார் வழக்கம். முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டி, அதன் மேல் வாரை இறுக்கிக்கொண்டு, கொட்டகையைச் சுற்றி ஓடினார். பெண்கள் எல்லோரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். முதல் உறையில் துப்பாக்கி ஆடியது. இரண்டாவதில் அரைச் சுற்று தாங்கி நழுவியது. மூன்றாவதில் நாலே எட்டுதான் வைத்தார். தொப்பென்று சேற்றில் விழுந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சம்பத் சார் மூன்று உறையின் வாயிலும் வட்டம் போட்டார். "ஒரே கை, ஒரே தோல், ஒரே கட்டை. மூணும் மூணு விதமா இருக்கே. இது எனக்குப் புரியலையே."

எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தோல் மூப்பு என்றார் ஒருவர். வெட்டு அகலம் என்று முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர் முகம் சின்னதாகிப் போனது. "நா அளவுக்குத்தான் வெட்டிக்கீறேன். என்னைப் போட்டுப் பேஜாரு பண்ணாதீங்க" என்று வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வெட்டுத் தாளை நான்தான் போட்டேன், அதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குச் சட்டியைத் திறக்காமல் எழுந்தேன். மெழுகு உருக்கும் அடுப்பு மேடை மேல் கட்டை கிடந்தது. மூன்றாவது உறையை முந்தின நாள் காலையில் கழற்றியதிலிருந்து அங்கேயேதான் சூட்டில் கிடக்கிறது. சும்மா எடுத்து மூன்றாவது உறைக்குள் விட்டேன். இறுக்கி அடித்து ஏற்றிய கட்டை, கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி இறங்கியது. தூக்கிப் பார்த்தேன். கழற்றும்போது இருந்த கனமும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கட்டுமரம் கரைக்கு வந்ததும் நைனா முதல் வேலையாகக் கட்டின கயிற்றை அவிழ்ப்பார். மரங்களைத் தனித்தனியாக மணலில் இழுத்துப் போட்டுக் காய வைப்போம். ஏன்? தண்ணீர் குடித்து மரம் ஊறிக் கனத்துவிடும், காயாமல் திரும்பக் கடலில் தள்ளினால் மிதக்காது. அந்த மரத்தை இழுக்கத்தானே சின்ன வயசிலிருந்து கரைக்கு ஓடினேன். கடலைத் தாங்கிய மரம் என்று பெருமை பேசிய எனக்கு, அது கடலைக் குடிக்கிற மரம் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் ஈரத்தோலில் கொஞ்சம் குடித்தது, இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். ஊதிய கட்டையின் அளவுக்கு உறையும் ஊதிப் போயிருக்கிறது. எங்கள் குப்பத்தில் இதை எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும்.

சொல்லாமல் விட்டுவிடலாம். தோல் மீது பழியைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வெளியே வேலி ஓரமாக முனிரத்தினம் சாப்பிடாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். "சார், தப்பு என் கட்டையில. மரம் தண்ணி குடிச்சிக்கினு ஊதிப் போச்சு. நீங்க புளிய மரம்னு சொன்னீங்க. நாந்தான் கேக்கல."

சம்பத் சார் கட்டையை வாங்கினார். உறைக்குள் விட்டு எடுத்தார். சாக்பீஸை எடுத்து, கட்டையின் வயிற்றில் ஒரு வட்டம் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நைனாவின் மேலேயே போட்ட மாதிரி.

"இப்ப புரியறது" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. உடனே எழுந்து வெளியே போய், "முனிரத்தினம், உள்ள வந்து சாப்பிடுப்பா. உன் வெட்டு சரி" என்றார்.

கையில் இருந்தது இரண்டு நாள். துப்பாக்கி இப்போது எங்களிடம் இருந்ததால் அதன் மேலேயே தோலை இழுக்கலாம். ஆனால் பட்டைத் தோல் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மை கொட்டின மாதிரி கறுத்துப் போகும். டீக்கடையில் ரொட்டி சுற்றி வரும் மெழுகுக் காகிதம் வாங்கி வந்து, துப்பாக்கியைக் குழந்தைக்குத் துணி சுற்றுவது போலச் சுற்றினேன். முனிரத்தினம் புதுத் தோல் வெட்டிக் கொடுத்தார். தைத்து, நனைத்து, ஏற்றி, எலும்புத் துண்டால் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தினேன். வெயில் கிடையாது, இருந்தாலும் வெயிலில் வைக்கக் கூடாது, வெடிக்கும். ஜன்னல் காற்றில் தொங்கவிட்டு, பெண்கள் முறை வைத்து விசிறினார்கள். வெள்ளிக்கிழமை காலை துப்பாக்கியை உருவினேன். நச்சென்று ஒரு பிடி பிடித்து, பிறகு விட்டது. சம்பத் சார் மடக்கினார், முகர்ந்தார், சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு ஏஜெண்ட் வந்து மெட்ராஸ் பட்டறையின் மாதிரியை மேசையில் வைத்தார். கறுப்புக் குரோம் தோல், கண்ணாடி மாதிரி பளபளப்பு, பூ வேலை. பக்கத்தில் எங்களுடையது வேலைக்காரி மாதிரி இருந்தது. ஏஜெண்டின் கை நேராக அந்தக் கறுப்பு உறை மேல்தான் போனது.

"ஓடிப் பாத்துடலாமே" என்றார் சம்பத் சார்.

முனிரத்தினம் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "நானே ஓடறேன் சார்." கொசுவத்தை இழுத்துச் செருகினேன், நண்டு பிடிக்க ஏரியில் இறங்குகிற மாதிரி. முதலில் அவர்கள் உறை. கொட்டகையைச் சுற்றி ஓடி, பின்பக்க வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறி வந்தேன். விழவில்லை. ஏஜெண்ட் துப்பாக்கியை உருவிக் காட்டச் சொன்னார், உருவினேன். திரும்ப வைக்கச் சொன்னார். நனைந்த குரோம் தோல் வாயை மூடிக்கொண்டது. ஒரு கையால் வைக்க முடியவில்லை. குனிந்து பார்த்து, இன்னொரு கையால் பிரித்துத்தான் திணிக்க முடிந்தது.

"அதுக்குள்ள எதிராளி சுட்டுடுவான்" என்றார் முனிரத்தினம்.

அப்புறம் எங்கள் உறை. அதே ஓட்டம், அதே வாய்க்கால். கரையேறும்போது வேண்டுமென்றே ஒருமுறை புரண்டேன். விழவில்லை. உருவினேன், குனிந்து பார்க்காமலே திரும்ப வைத்தேன். வாய் விறைப்பாகத் திறந்தே நின்றது. செல்வி, நீ பார்க்க வேண்டியது இதைத்தான். நனைந்த பிறகும் வாய் திறந்து நிற்கிறதா, ஒரு கையால் பார்க்காமல் வைக்க முடிகிறதா. பூ வேலையை உன் ஆபீஸில் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஏஜெண்ட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஒண்ணு சரி. நானூறு வேணுமே. துப்பாக்கியை நான் இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போகணும். எது மேல வெச்சுச் செய்வீங்க?"

முதலாளி சம்பத் சாரைப் பார்த்தார். சம்பத் சார் என்னைப் பார்த்தார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றேன். ஓட்டத்தைப் பற்றி யோசித்த அளவுக்கு இதை நான் யோசிக்கவே இல்லை. கண் தானாக அடுப்பு மேடைக்குப் போனது.

"ஒரு நிமிசம் சார்" என்று போய் எடுத்து வந்தேன். வட்டம் போட்ட கட்டை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் நாள் மாதிரியே ஒரு நூல் பிசகில்லை.

"இது நனைஞ்சாத்தான் ஊதும். காஞ்சிருந்தா அளவு தப்பாது. பக்கத்துக் கொட்டாயில அலுமினியம் உருக்கி வார்க்கறாங்க. அவங்க கட்டையை மண்ணுல அமுக்கி அச்சு எடுப்பாங்க, தண்ணியில போட மாட்டாங்க. மண்ணு ஈரம் ஏறாம மேல அரக்கு வார்னீஷ் அடிச்சிக் குடுத்தா இதை வெச்சே இருபது வார்த்துக்கலாம். அலுமினியம் தண்ணி குடிக்காது, தோலையும் கறுப்பாக்காது."

"வார்ப்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்குமே" என்றார் ஏஜெண்ட்.

"சுருங்கட்டுமே சார். உறை இன்னும் நல்லாப் புடிக்கும்."

ஏஜெண்ட் கட்டையைத் தொட்டு, "இது என்ன வட்டம்?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், சேற்றில் விழுந்த மூன்று உறை வரைக்கும். முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஏஜெண்ட் மெட்ராஸ் மாதிரியை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்தார். எங்கள் உறையை மேசையிலேயே விட்டார். "இதே மாதிரி நானூறு. வாய் இப்படியேதான் நிக்கணும்" என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் கட்டையை அடுத்த கொட்டகைக்குக் கொடுத்தனுப்ப எடுத்தேன். வட்டத்தைத் துடைக்க முந்தானையைத் தேடினால் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரத் துணி அந்த மரத்தில் படக் கூடாது. தயங்கி நின்றேன். சம்பத் சார் கையை நீட்டிக் கட்டையை வாங்கினார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் நுனியை எடுத்து, தான் போட்ட வட்டத்தைத் தானே துடைத்தார். ஒரு சுவடு இல்லாமல் துடைத்துவிட்டு, என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பதினெட்டுப் பேரும் வேலைக்கு வந்தோம்.